கால் வைக்கிற இடம்

பெட்டிக்குள் இரண்டு அலுமினியத் தட்டு,
அரம்போல் பல் வெட்டிய இரண்டு மிதி,
மீன்கொத்தி நீலத்தில் ஆறு போல்ட்.
சுங்கத்துக்குக் கட்டிய காசில்
பாதியைத்தான் யசோதினியிடம் சொன்னேன்.

மேட்ச்லெஸ். ஐம்பத்தேழாம் ஆண்டு வண்டி.
என்னைவிட இருபத்திரண்டு வயது மூப்பு.
அதில் குந்தினால் நெஞ்சு நிமிர்ந்து முழங்கால் முன்னுக்கு நிற்கும்,
கச்சேரியில் கையெழுத்துக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி.
எனக்குக் குனிந்து போக ஆசை.
அவ்வளவுதான் காரணம். வேறு எதையும் துருவவேண்டாம்.

காத்தான்குடி இன்ஸாப் நானா
வேர்னியரைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தார்.
ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையில்
நாலரை மில்லிமீட்டர் பொய்.
"வண்டியில ஓட்டை போட மாட்டன்" என்றார்.
"தட்டைத்தான் வெட்டுவன். மறுகா குறை சொல்லப்படாது."

ஆழ்கடல் படகொன்றின் உடைந்த தண்டு கிடந்தது.
அதைக் கடைந்து இரண்டு வளையம் எடுத்தார்.
சீவல் சுருண்டு சுருண்டு விழ
எங்கள் தேநீரில் ஆடை போல் எண்ணெய்.
பிரேக் கம்பி அரைச் சாண் மிஞ்சியது:
அறுத்து, புரி வெட்டி, திரும்ப மாட்டினோம்.
கிக்கரை இறக்கினால் புது மிதியில் இடித்தது.
ஆக, மிதியை மடக்கு,
உதை,
மிதியை விரி.

கடைசியில்தான் கியர்.
முன்னால் நீட்டியிருந்த நெம்பைப் பின்னால் திருப்பியதில்
மேலே இருந்த முதலாவது கீழே போனது,
கீழே இருந்த மூன்றும் மேலே வந்தன.
"விளங்கிச்சா?" என்றார் நானா.
தலைக்கு விளங்கியது.

மஞ்சந்தொடுவாயில் மாடொன்று குறுக்கே வர
இரண்டாவதுக்கு இறக்கலாமென்று தூக்கினேன்.
நாலாவதுக்கு ஏறியது.
எஞ்சின் இருமி நின்றது,
முதுகில் கல்முனை பஸ்ஸின் ஹோன்.
மடக்கு. உதை. உதை. விரி.
பஸ்ஸின் முன்சீட்டில் ஒரு பொடியன்
எல்லாவற்றையும் போனில் எடுத்தான்.

ஆனால் கல்லடிப் பாலம்!
முழங்கால் டேங்கின் குழிக்குள் போய்ச் சேர்ந்தது,
வயிறு தாழ்ந்தது,
வாவிக் காற்று தலைக்கு மேலால் போயிற்று.
நாற்பதுதான் ஓடினேன்.
சத்தியமாக நாற்பதுதான்.

விடிய ஆறேகால்.
வெள்ளை உடுப்பும் சோற்றுப் பெட்டியும் பைக்குள்,
வாசலில் யசோதினி.
வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.
நீல போல்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"என்ட கால் எங்க வைக்கிற?"

பின்னால் இருப்பவரின் மிதியிருந்த ஓட்டையில்தான்
ரியர்செட் குந்திக்கொண்டிருந்தது.
பழைய மிதி இரண்டும் பால்மா டின்னுக்குள், நட்டுகளோடு.
மூன்று நாள் அளந்தோம் நானும் நானாவும்,
நூலுக்கு நூல், மயிருக்கு மயிர்.
பதினான்கு வருஷமாய் அந்த இடத்தில் இருந்த பாதத்தை
ஒருவரும் அளக்கவில்லை.

அவள் சண்டை பிடிக்கவில்லை.
பையை என் தோளில் மாட்டினாள்.
"நீங்க உதைங்க. நான் ஓட்டுறன்."

வாகரைக் கிளினிக்குக்கு மூன்று வருஷம்
மோட்டார்சைக்கிளில் போய் வந்தவள்.
ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே:
அது அவளுடைய இடது காலுக்குத் தெரியும்.
வலது காலுக்கு
மறக்க ஒன்றும் இல்லை.

இரண்டு தரம் நின்றது. மூன்றாம் தரம் போனாள்.
குனிந்தாள்; பின்னல் என் வாயில் அடித்தது.
நான் தூக்கிய காலைத் தூக்கியபடி,
சைலன்சரில் பட்டுவிடாமல்
தவளை மாதிரி,
பாலத்தில் வலை வீசுகிறவர்கள் திரும்பிப் பார்க்க.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித் தலைமயிரை ஒதுக்கினாள்.
"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.
"நானாட்டப் போய்ப் பின்னுக்கு ரெண்டு மிதி போடுவிச்சிட்டு வாங்க."
வாசலைத் தாண்டியபிறகு திரும்பினாள்:
"உங்கட அளவுக்கு."

நானா இப்போது என் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்.
வேர்னியர் கால்விரலில் குளிர்கிறது.